பன்னீர் திராட்சை ஜாடியும் என் மூக்கும்

நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்த வாரத்தில் எங்கள் வீட்டில் திராட்சை ரசத்துக்கு ஜாடி கழுவுவது வழக்கம். செஞ்சியில் எங்கள் தெருவில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். இருந்தாலும் கிறிஸ்துமஸ் அன்று என் மனைவி ஊற்றிக் கொடுக்கும் ரசத்தைத் தெரு முழுக்க எதிர்பார்க்கும். கேக் ஒரு துண்டு, கூடவே சின்ன டம்ளரில் ரசம். சளி பிடித்தவர்கள் மருந்துக்கு என்று இன்னொரு டம்ளர் கேட்பார்கள். சளி பிடிக்காதவர்களும் கேட்பார்கள். நாட்களைக் குறித்து வைப்பது என் பழக்கம். கல்யாணமானதிலிருந்து எந்த வருடம் என்றைக்கு ஊறப்போட்டாள், என்றைக்கு வடித்தாள் என்று தேதியோடு என்னால் சொல்ல முடியும். எப்படி இருந்தது என்று கேட்டால் மட்டும் என்னிடம் ஒரே பதில்தான்: நல்லா இருந்தது.

உண்மையில் நான் அதைச் சுவைத்ததே இல்லை. கஷாயம் குடிப்பதைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, கேக்கைக் கடித்துக்கொள்வேன். தெருவில் எல்லோரும் அப்படித்தான் குடிப்பார்கள். மற்றபடி திராட்சை ரசம் என்றால், பூசையில் குருவானவர் கையில் உயரும் கிண்ணத்தைத் தூரத்திலிருந்து பார்த்த பழக்கம்தான்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் எங்கள் இருவருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்கு இருமலோடு போயிற்று. அவளுக்கு மோப்பம் போயிற்று. சில வாரத்தில் வந்துவிடும் என்றார் டாக்டர். வரவில்லை. உப்பு, புளிப்பு, காரம், இனிப்பு எல்லாம் நாக்குக்குத் தெரிந்தன. வாசனை மட்டும் கிடையாது. சமையலில் குறை தெரியவில்லை, அவள் கைக்கு அளவு அத்துப்படி. ஆனால் ரசத்துக்கு அளவு மட்டும் போதாது. முன்பெல்லாம் ஜாடியின் துணியை விலக்கி ஒரு முறை மோந்து பார்ப்பாள். "இன்னும் பச்ச வாசன அடிக்குது" என்று மறுபடி கட்டிவிடுவாள். இன்னொரு நாள், "இன்னிக்கு வடிச்சிடலாம்" என்பாள். என்றைக்கு என்பதை அவள் மூக்குதான் சொல்லிக்கொண்டிருந்தது.

மோப்பம் போன பிறகும் குத்துமதிப்பாகச் செய்து பார்த்தாள். மூன்று கிறிஸ்துமஸ் தப்பித்தது. அதற்கடுத்ததில் மாட்டிக்கொண்டாள். பண்டிகை முடிந்த இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் மதில் மேல் கையை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காத. இந்த வாட்டி உன் ரசம் கொஞ்சம் தூக்கலா இருக்குது."

"இன்னாடி தூக்கல்?"

"மீன் கொழம்புக்குப் புளி இல்ல. உன் ரசத்த எடுத்து ஊத்திட்டேன். கொழம்பு சூப்பரு."

என் மனைவியும் சேர்ந்துதான் சிரித்தாள். அன்று சாயங்காலம் ஜாடியைக் கழுவித் துடைத்து, பழைய புடவையில் சுற்றி, பரண் மேல் ஏற்றச் சொன்னாள். அது அவள் பிறந்த வீட்டிலிருந்து, வல்லத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, கல்யாணச் சீரோடு வந்த பீங்கான் ஜாடி. "இனிமே கடையில கேக் வாங்கிக் குடுத்தா போதும்" என்றாள். நான் ஏற்றி வைத்தேன். தெரு முழுக்க வினிகரை ஊற்றிக் கொடுத்துவிட்டோமே என்று அவள் அதற்கப்புறம் ஒரு தடவைகூடப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு கவலை வந்திருக்காது.

என் மூக்கைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் அது எதற்கும் பழகாத மூக்கு. எனவே எனக்குத் தெரிந்த வழியில் போனேன், படித்தேன். நூலகத்தில் கிடைத்ததையும் கைப்பேசியில் கிடைத்ததையும் படித்ததில் ஒயினைச் சுவைக்கும் முறை பிடிபட்டது. முதலில் வெளிச்சத்தில் வைத்து நிறம் பார்க்க வேண்டும். கோப்பையை மெதுவாகச் சுழற்றினால் வாசனை எழும்பும். முகர்ந்த பிறகு ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவ விட வேண்டும். இவ்வளவும் புரிந்தது. வாசனைக்கு அந்தப் புத்தகங்கள் சொன்ன பெயர்களில்தான் தடுக்கி விழுந்தேன்.

"நல்ல ரசத்துல செர்ரி வாசன, ஓக் மரத்து வாசன, தோல் வாசன எல்லாம் வருமாம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"தோலா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செருப்புக் கடை இருக்குது. போய் மோந்துட்டு வாங்க."

"செர்ரி?"

"கேக்கு மேல செவப்பா வெப்பாங்களே, அதான? அது சும்மா இனிப்பா இருக்கும். வாசனையே கெடையாது. எனக்கு மூக்கு இருந்தப்பவே கெடையாது."

விசாரித்ததில், அந்தச் சிவப்பு உருண்டை பெரும்பாலும் சர்க்கரைப்பாகில் ஊறிய களாக்காய் என்று தெரிந்தது. ஆக, நாங்கள் இருவருமே செர்ரியைக் கண்டதில்லை.

என் மைத்துனன், அவள் தம்பி, பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டலில் பரிமாறும் வேலையில் இருக்கிறான். செப்டம்பரில் மாதா பிறந்தநாள் திருவிழா முடிந்து சில நாள் கழித்து அவனைப் பார்க்கக் கிளம்பினேன். காலண்டரைப் பார்க்காமல் கிளம்பியது என் வழக்கத்துக்கே விரோதம், அன்று அமாவாசை. மேல்மலையனூர்க் கோயில் கூட்டத்தில் பஸ் எல்லாம் நிரம்பி, திண்டிவனம் வரை நின்றுகொண்டே போனேன். பசி. பாண்டியில் இறங்கியதும் ஒரு மெஸ்ஸில் மாங்காய் ஊறுகாயோடு முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை பாக்கும் போட்டுக்கொண்டு ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தேன். மதியக் கூட்டம் ஓய்ந்திருந்தது. மைத்துனன் ஒரு மூலை மேசையில் உட்கார வைத்து, காம்பு நீண்ட கோப்பையில் கொஞ்சம் வெள்ளை ஒயின் ஊற்றினான். நான் படித்தபடி சுழற்றி, முகர்ந்து, குடித்தேன்.

"இன்னா தெரியுது மாமா?"

"சுண்ணாம்பு."

அவன் என் வாயை உற்றுப் பார்த்தான். "வெத்தல போட்டீங்களா? அய்யோ மாமா! அக்கா ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா?"

வாயைக் கொப்பளிக்க வைத்தான். வெறும் ரொட்டியைத் தின்ன வைத்தான். சிறிது நேரம் சும்மா உட்காரச் சொன்னான். பிறகு ஊற்றிய வெள்ளை, குளிர்ச்சியாக, எலுமிச்சை இலையைக் கசக்கிய மணத்தோடு இருந்தது. வாயின் இரு பக்கமும் எச்சில் ஊறிற்று. அப்படி ஊறுகிறது என்றால் புளிப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், புளிப்பு இல்லாத ஒயின் சப்பென்று கிடக்கும் என்றான். அடுத்து வெளிர் சிவப்பில் ஒன்று. பழக்க தோஷம், மூச்சைப் பிடித்து ஒரே மடக்கு.

"மாமா, யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க. மெதுவா."

மூன்றாவது கருஞ்சிவப்பு. இம்முறை வாயில் வைத்திருந்தேன். விழுங்கிய பிறகு ஈறெல்லாம் இறுகி, கன்னத்தின் உட்புறம் உலர்ந்து பிடித்தது.

"பாக்கு!" என்றேன்.

"மறுபடியும் போட்டுக்கினீங்களா?"

"இல்லப்பா. இதுக்குள்ள இருக்குது. கொட்டப் பாக்கு கடிச்ச மாதிரி."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அந்தத் துவர்ப்பு திராட்சைத் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வருவது, அதை உணர்வதற்கே சிலருக்குப் பல மாதம் ஆகும் என்றான். வெற்றிலை போடும் ஊரில் பிறந்ததற்கு ஒரு லாபம் என்று நினைத்துக்கொண்டேன். "வாசனையில இன்னா தோணுது? புக்குல படிச்சது வேணாம். டக்குனு சொல்லுங்க" என்றான்.

கண்ணை மூடி முகர்ந்தேன். சின்ன வயதில் சட்டையில் ஊதாக் கறை பட்டுத் திட்டு வாங்கியது ஞாபகம் வந்தது.

"நாவப்பழம்."

"கஸ்டமருங்க கிட்ட நாங்க பிளாக்பெர்ரின்னு சொல்வோம். நீங்க சொல்றதுதான் எனக்கும் தோணும், சொன்னா மேனேஜர் திட்டுவாரு."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வெற்றிலைக் கதைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாவல்பழத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. "கனிஞ்சதா, செங்காயா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "அது கூடவா தெரியாது? செங்காய்னா துவரு வாசன முன்னாடி வரும்" என்றாள். அவளுடைய மூக்குதான் போயிருந்தது. அது சேர்த்து வைத்த அத்தனையும் அவளிடம் பத்திரமாக இருந்தது.

அன்று முதல் எனக்குப் பாடம் தொடங்கியது. காலையில் டிகாஷன் இறங்கும்போது கூப்பிடுவாள். "இன்னா வாசன?" என்பாள். காபி என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாள். வறுத்த வாசனையா, கரிந்த வாசனையா, அடியில் இனிப்பு இருக்கிறதா என்று கேட்பாள். தாளிக்கும்போது நான் கறிவேப்பிலை என்றால், வாணலியை எட்டிப் பார்த்துவிட்டு, "அது சீரகம் தீயுது. கொஞ்சம் தள்ளுங்க" என்பாள். ஐப்பசி மழை முதலில் இறங்கிய நாள், வாசலில் நின்று ராஜகிரி மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயிலில் காய்ந்திருந்த பாறை நனைந்து கறுத்துக்கொண்டு வந்தது. சொல்லுங்கள் என்றாள். மண் வாசனை என்றேன். "மண்ணு இல்ல. மண்ணு வாசன கீழ இருந்து வரும். பாற வாசன காத்துல வரும், கொஞ்சம் இரும்பு மாதிரி" என்றாள். மறுபடி முகர்ந்தேன். அவள் சொன்னதுதான்.

கல்லறைத் திருநாள் முடிந்ததும், அவளைக் கேட்காமல் பஸ் நிலையச் சாலைப் பழக்கடையில் பன்னீர் திராட்சை வாங்கி வந்து சமையலறையில் வைத்தேன்.

"யாரு போடப் போறா?"

"நான்தான். நீ சொல்லு, போதும்."

நான் பிசைகிற அழகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கொட்டைய நசுக்காதீங்க, கசந்து பூடும்" என்றாள். பிறகு என்னைத் தள்ளிவிட்டு அவளே கையை விட்டாள். பரண் மேலிருந்து ஜாடி இறங்கியது. பழம் மிஞ்சியதால் ஒரு கண்ணாடி ஜாடியிலும் போட்டோம். நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று அகல வாயுள்ள அந்த ஜாடியைத் தேர்ந்தெடுத்தது நான். புளித்துவிடுமோ என்ற பயத்தில் அதில் சர்க்கரையைக் கூடுதலாக அள்ளிப் போட்டதும் நான். முதலில் இரண்டும் நுரைத்துப் பொங்கின. தினமும் மரக்கரண்டியால் கிளறினோம். பொங்கியது அடங்கியதும் பீங்கான் ஜாடியைக் கழுத்து வரை நிரப்பி, காற்றுப் புகாதபடி மூடியைப் போட்டாள். கண்ணாடி ஜாடியை, பார்க்க அழகாக இருக்கிறதே என்று, பாதி காலியாகத் துணி கட்டியே விட்டுவைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் நடுவில் வடிக்கிற நாள் வந்தது. தெருவில் அதற்குள் பேச்சு பரவியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "அக்கா, இந்த வருஷம் புளி வாங்கலாமா வேணாமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். என் மனைவி இரண்டு டம்ளரில் ஊற்றினாள். முதலில் அவள் சுவைத்தாள்.

"கண்ணாடி ஜாடிதான் நல்லா இருக்குது. இனிப்பா, சுருக்குனு. பீங்கான்ல இருக்கறது புளிக்குது. போச்சி போல." அவள் குரல் இறங்கிவிட்டது. அந்தப் பீங்கான் ஜாடிதான் அவளுடையது.

நான் முகர்ந்தேன். பீங்கானில் புளிப்பு இருந்தது, உண்மை. ஆனால் அதற்கு மேல் பன்னீர் வாசனையும், அதன் கீழே கனிந்த நாவல்பழமும் தெளிவாக வந்தன. கண்ணாடி ஜாடியில் ஒரு கூர்மையான வாடை மூக்கைக் குத்தியது. நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தால் வருமே, அது. வினிகராகப் போகிற ரசத்தில் முதலில் வருவது அந்த வாடைதான் என்று படித்திருந்தேன். என் கூடுதல் சர்க்கரை அதன் புளிப்பை அவள் நாக்குக்குத் தெரியாமல் மூடி வைத்திருந்தது.

"உன் ஜாடி நல்லா இருக்குது. என்னுதுதான் கெட்டுப் போச்சி" என்றேன்.

"எனக்காகச் சொல்றீங்களா?"

"இல்ல."

"தப்பா சொன்னா திரும்பவும் தெருவுல தல காட்ட முடியாது, தெரிஞ்சிக்கோங்க. பன்னீரு எப்படி வருது? கல்யாணத்துல தெளிக்கிற பன்னீரா, ரோஜாப் பூவா?"

மறுபடி முகர்ந்தேன். "ரோஜா. வாடின ரோஜா. மாலையில காஞ்சி போனது."

"அப்புறம்?"

"நாவப்பழம். கனிஞ்சது. கடசியில மழ பேஞ்ச பாற."

நம்பிக்கை இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லலாமே என்றேன். "வேணாம்" என்றாள். "வாடின ரோஜான்னு பொய் சொல்ற அளவுக்கு உங்களுக்குத் தெறம கெடையாது." பீங்கான் ஜாடியை வடிக்கத் துணியை எடுத்தாள். கண்ணாடி ஜாடியைத் தனியாக ஒதுக்கி வைத்தோம். கிறிஸ்துமஸ் வாரத்தில் அதை எடுத்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள். அப்போது அது அவள் நாக்குக்கே தெரிகிற வினிகர்.

கிறிஸ்துமஸ் காலை பக்கத்து வீட்டுப் பெண்தான் முதலில் வந்தாள். டம்ளரை வாங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தாள்.

"ஏய், மெதுவா குடிடி. கஷாயமா அது? மொதல்ல மோந்து பாரு."

அவள் முகர்ந்தாள். "ஏதோ வருது. இன்னாதுன்னு தெரியலியே அக்கா."

"மொதல்ல வாடின ரோஜா" என்றாள் என் மனைவி. "அப்புறம் நாவப்பழம். கடசியில பாரு, மழ பேஞ்ச பாற."

அந்தப் பெண் கண்ணை மூடி மறுபடி முகர்ந்தாள். "அட, ஆமாங்கா!" என்றவள், ஒரு வாய் குடித்துவிட்டு, நாக்கைச் சப்பிக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ரொம்ப நல்லா இருக்குது. ஆனா அக்கா, அந்த மீன் கொழம்பு ரசம் இந்த வருஷம் இல்லியா?"

"ஏன் இல்ல? அது இவரு போட்டது" என்று கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு பாட்டில் நிரப்பிக் கொடுத்தாள்.

தெரு முழுக்கக் கொடுத்து முடித்த பிறகு பீங்கான் ஜாடி காலியாயிற்று. கழுவிக் கவிழ்த்தாள். பழைய புடவையை எடுத்துக்கொண்டு நான் பரணுக்கு ஏணி வைத்தேன்.

"எங்க எடுத்துனு போறீங்க?"

"மேல வைக்க."

"அது இங்கியே இருக்கட்டும். மேடைக்கு அடியில." அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அடுத்த வருஷம் சர்க்கரப் பக்கம் நீங்க வராதீங்க. மூக்க மட்டும் கொண்டாங்க."