நான் அணைத்த ஆர்கன்

பிள்ளைகளே, நான் மலேசியாவில் கிள்ளானில் வயரிங் வேலை செய்பவன். அன்று தேவாலயத்தில் மைக், விளக்குகளைப் பார்த்துக்கொள்ள நின்றிருந்தேன். ஆர்கன் வாசிக்கும் சூசை அங்கிள், இறந்துபோன தம் மனைவிக்காகத் தாமே அமைத்த இசையை முதன்முதலாக வாசித்தார். நடுவில் சட்டென்று சத்தம் நின்றது.

"ஆர்கனுக்குக் கரண்ட் போச்சு லா!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்ச் சுவிட்சைத் தட்டினேன். அப்போதுதான் ஆர்கன் உண்மையிலேயே அணைந்தது. பின்வரிசையில் சிரித்தார்கள்.

"நான்தான் அங்க கொஞ்சம் நிறுத்தி வச்சேன், தம்பி," என்றார் அங்கிள்.

என் முகம் சுட்டது.

"பரவால்ல லா. சாப்பிடக் கூப்பிட்டு நான் எழுந்திரிக்கலன்னா, அவளும் இப்படித்தான் சுவிட்ச அடைச்சிடுவா."

மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அந்த அமைதி திரும்ப வந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். முதல் தடவையும் அழுதிருப்பார். என் கண்தான் சுவிட்சில் இருந்தது.