மழுங்கிய அலையும் என் தங்கச்சியும்

எட்டாம் வகுப்போடு நின்றவன் எவனாவது என்னைப் போலச் சொந்தமாக மோட்டார் போர்டு செய்து விற்கிறானா, காட்டுங்கள் பார்க்கலாம். தையல் மெஷின் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் போர்டு அது. பட்டறையைத் தொடங்கியவன் நான். ஆனால் சிக்னலை அலையாகக் காட்டும் ஸ்கோப்பின் முன்னால் இருபது வருஷம் உட்கார்ந்தவள் என் தங்கச்சி.

வாயாடி. ஸ்கோப்பைப் போட்டால் மட்டும் வாய்க்குப் பூட்டு. அலை சரியாக இருந்தால் மேசையில் விரலால் இரண்டு தட்டு தட்டுவாள். அடுத்த போர்டை நீட்டு என்று அர்த்தம். மகளுக்குப் பிள்ளை பிறந்ததும் பார்த்துக்கொள்ள வெளியூர் போனாள். போனவள் போனவள்தான்.

போன மாதம் எங்கள் சிப் வருவது நின்றுபோனது. அதற்குத் தம்பி மாதிரி இன்னொரு சிப்பைக் கடையில் கொடுத்தார்கள். அதே கால்கள், அதே புரோகிராம். இரண்டையும் ஸ்கோப்பில் போட்டேன். பழையதன் அலை பெட்டி அடுக்கியது போலச் சதுரம். புதியது, ஊறிப்போன சோப்புக் கட்டி மாதிரி மூலை மழுங்கிக் கிடந்தது.

தங்கச்சியிடம் போனில் சொன்னேன். "சரியா வரலைன்னா நானே வந்து ஒரு வாரம் உக்காந்து பாக்குறேண்ணே" என்றாள்.

அன்றைக்குச் சோறு ருசித்தது. சிப் உருப்படக் கூடாது என்று வேண்டிக்கொண்ட முதலாளி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் வீடியோவில் வந்தாள், இடுப்பில் பேரக் குழந்தையோடு.

"குச்சி ரெண்டையும் மாத்தி வை." சிப்பின் காலைத் தொட்டுப் பார்க்கும் ஸ்கோப் ஒயரின் முனையைத்தான் குச்சி என்பாள்.

"எதுக்கு? நான் வெச்சா தப்பாவா வெப்பேன்?"

"நீ பெரிய ஆளுதான், ஒத்துக்கறேன். மாத்து."

மாற்றினேன். பழைய சிப்பின் அலை மழுங்கியது. புதியது சதுரமாக நின்றது.

"கோளாறு சிப்புல இல்லண்ணே, குச்சில. புதுசா அது?"

"பழச எலி கடிச்சிடுச்சு. போன வாரம் வாங்கினேன்."

"கைப்பிடியில குட்டி ஸ்விட்ச் இருக்கும். ஒண்ணுல இருக்கா, பத்துல இருக்கா?"

"ஒண்ணுல."

"அதான். ஒண்ணுல வெச்சா ஒயரே சிக்னல அமுக்கிடும். அந்த அலை பத்து மடங்கு உயரமாவும் வந்திருக்குமே, பாக்கலயா?"

"பாக்காமயா? குமிழத் திருகி ரெண்டையும் ஒரே உயரமாக்கிட்டேன்ல!"

"கிழிஞ்சுது! காய்ச்சல்னா தெர்மாமீட்டரத் தூக்கி ஃபிரிட்ஜுல வெப்ப போலிருக்கே!"

ஸ்விட்சைப் பத்துக்குத் தள்ளி, குமிழைப் பழையபடி திருப்பினேன். இரண்டு அலையும் ஒரே அச்சு. போனில் டக், டக் என்று கேட்டது. அவள் வீட்டு மேசையில் தட்டுகிறாள். அடுத்த போர்டை நீட்ட என் கை தானாக முன்னால் போய்விட்டது.

"அப்போ நான் வர வேண்டியதில்ல." அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எதுக்கு வரணும்? நான் ஒத்த ஆளாப் பாத்துக்க மாட்டேனா?"

'சும்மாவாவது வாம்மா' என்பது தொண்டை வரைக்கும் வந்தது. யாரிடமும் எதுவும் கேட்காமலே வளர்ந்துவிட்டவன் நான். அதற்கு மேல் வரவில்லை. குழந்தை அழுதது. போனை வைத்துவிட்டாள்.

நேற்று சிப் கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார், எங்கள் மின்விசிறி போர்டுக்கான சிப்பும் நிற்கப்போகிறதாம். அதன் தம்பிதான் கிடைக்குமாம்.

"இன்னைக்கே அனுப்புங்க" என்றேன். நான் ஏன் சிரிக்கிறேன் என்று அந்த மனிதருக்கு விளங்கவில்லை.