மூன்று வருடம் போடாமல் வைத்த சப்பாத்து

2025 மார்ச் 11, செவ்வாய். காலை 5.40-க்கு எழுந்தேன். தேநீர், இரண்டு துண்டு ரொட்டி. 6.30-க்குக் கோலசிலாங்கூர் ஸ்டோரில் கையெழுத்து. 7.15-க்கு, எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் எஸ்டேட்டுக்குள் இருக்கும் துணைமின்நிலையத்தின் வேலிக்கதவைத் திறந்தேன். பகல் இரண்டு மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி வருவதாக இருந்தது. அதனால் அலமாரியின் மேல் பிளாஸ்டிக் பையில் பெட்டியோடு கட்டிவைத்திருந்த புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கம்பெனி கொடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கொடுத்த தேதி பெட்டியின் மேல் என் கையெழுத்தில் இருந்தது. பழைய ஜோடியை மனைவி சோப்பு நீரில் ஊறப்போட்டிருந்தாள்.

மின்கம்பிப் பராமரிப்பில் நாங்கள் மூன்று பேர். மண்டோர் எனப்படும் மேற்பார்வையாளனான நான், லைன்மேன், லோரி ஓட்டும் மலாய்க்காரர். வேலை தொடங்குமுன் ஒவ்வொருவர் காலையும் பார்த்துப் படிவப் புத்தகத்தில் எழுதவேண்டியது என் பொறுப்பு. விரல் பக்கம் இரும்பு இருக்கக்கூடாது. அடியில் விரிசல், ஆணி, ஈரம் இருக்கக்கூடாது. துணைமின்நிலையத்தில் ஏதாவது கோளாறு வந்தால் மின்சாரம் மண்ணில் பரவும், நடக்கிறவனின் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். அதைத் தடுக்க இருப்பவை முற்றத்தில் பரப்பிய சல்லிக்கல்லும் சப்பாத்தின் அடியும் மட்டும்தான்.

லைன்மேன் என்னைவிட இரண்டு வயது இளையவன். பக்கத்துத் தோட்டத்தில் குடியிருக்கிறான். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவனிடம் "காலைத் தூக்கு" என்றேன். ஹாண்டிலைப் பிடித்தபடி வலது காலைத் தூக்கிக் காட்டினான். அடியின் குறுக்கே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

"புதுசு எங்கே?"

"வீட்டுலதான் இருக்கு. நீங்கதானே சொன்னீங்க, பெரிய ஆளுங்க வர்றப்ப போடுன்னு."

"இன்னைக்குத்தானே வர்றாங்க."

"ரெண்டு மணிக்குத்தானே. சாப்பிடப் போறப்ப மாத்திக்கலாம்னு இருந்தேன். எழுதாதீங்க லா அண்ணே. இது மூணாவது."

மூன்றாவது எச்சரிக்கை என்றால் அனுமதி அட்டை போய்விடும். அட்டை இல்லாதவன் கம்பத்தில் ஏற முடியாது.

"அட்டை போச்சுன்னா மறுபடி செம்பனைப் பழம் வெட்டத்தான் போகணும். அதுக்கு என்கிட்ட முதுகு இல்ல" என்றான்.

நான் எழுதினேன். வேலிக்கு வெளியே இருக்கச் சொன்னேன். ஒரு செம்பனை நிழலில் போய் உட்கார்ந்தான். லோரிக்காரர் பியூஸ் எடுத்துவர ஸ்டோருக்குத் திரும்பினார். பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார். நான் உள்ளே, மின்பலகை இருக்கும் சிறிய கட்டடத்தில், அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

9.50-க்குத் தரையில் கறுப்பாகத் தூள் கிடப்பதைப் பார்த்தேன். யாரோ குப்பை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துத் துடைப்பத்தை எடுத்துக் கூட்டினேன். கூட்டி முடித்துத் திரும்பினால் கூட்டிய இடத்திலேயே மறுபடி தூள். இன்னொரு முறை கூட்டினேன். அப்போது இடது குதிகால் தனியாகக் கழன்று பின்னால் நின்றது. வலது சப்பாத்தின் அடி நடுவில் உளுத்துப்போய், உள்ளிருக்கும் அட்டை தெரிந்தது.

அந்த அடி ஒருவகை நுரைப் பிளாஸ்டிக். போட்டு நடந்தால் பல வருடம் உழைக்கும். போடாமல் கட்டிவைத்தால் நம் ஊர் ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும். இதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மின்பலகைக்கு முன் இரண்டு ரப்பர் பாய்கள் கிடந்தன. ஒன்றின்மேல் ஏறி நின்றேன். அங்கிருந்து வேலிக்கதவு பதினோரு எட்டு. எத்தனையோ முறை எண்ணாமல் நடந்த தூரம். இந்தக் காலோடு அந்தச் சல்லியில் இறங்க முடியாது. லோரிக்காரருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். எடுத்திருந்தாலும் வீட்டில் ஊறுகிற ஜோடி உதவாது. ஈரச் சப்பாத்து ஆகாது என்று எழுதி ஒட்டியவனும் நான்தான். தகரக் கூரை சூடேறிக்கொண்டிருந்தது. ஜன்னல் கிடையாது. வேறு வழியில்லாமல் லைன்மேனைக் கூப்பிட்டேன்.

வேலிக்கு வந்து, திறந்திருந்த வாசல் வழியே எட்டிப் பார்த்தான். "என்னாண்ணே, பாம்பா?"

"சப்பாத்து" என்று காலைத் தூக்கிக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தான். "நான் இன்னும் தூக்கச் சொல்லவே இல்லையே."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டான். "என்னுதும் ஒம்போதாம் நம்பர்தான். எடுத்துட்டு வரவா?"

போய்வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் பாயின் மேல் நின்றேன். படிவப் புத்தகம் மேசையில் திறந்து கிடந்தது. அவன் பெயருக்கு எதிரே என் கையெழுத்து. மூன்று வருடத்துக்கு முன் பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்த அன்று, பழசையே போடுங்கள், இதை ஆள் வரும் நாளுக்கு வையுங்கள் என்று சொன்னது நான். வருகிறவர்கள் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். அவன் சொன்னபடி கேட்டான். வெடித்த அடியோடு கம்பம் ஏறினான். அதற்காக நானே அவனை மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

பை முடிச்சோடு கொண்டுவந்து வேலி இடுக்கில் காட்டினான். உள்ளே, அதே நாளில் நான் கொடுத்த பெட்டி.

"போடுறதுக்கு முன்ன அடியை அழுத்திப் பாரு" என்றேன்.

கட்டைவிரலால் அழுத்தினான். தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. விரலைச் சட்டையில் துடைத்தான்.

"இப்ப யாரு யார எழுதுறது, மண்டோரே?"

குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்தத் தாள கிழிச்சிருங்கண்ணே. நானும் இன்னைக்கு உங்க காலப் பாக்கல."

அந்தப் புத்தகத்தின் தாள்களுக்கு எண் உண்டு. இத்தனை வருடத்தில் ஒன்றைக்கூடக் கிழித்ததில்லை. புத்தகத்தைப் பைக்குள் வைத்துத் தோளில் மாட்டினேன். ஒரு பாயை வாசலுக்கு வெளியே சல்லியின் மேல் விரித்து அதில் கால் வைத்தேன். பின்னால் இருந்ததை இழுத்து முன்னால் போட்டேன். அதில் ஏறினேன். மறுபடி முன்னதை இழுத்தேன்.

"ஒன்னு" என்று வெளியிலிருந்து எண்ணினான். "ரெண்டு. பாத்து, ஓரம் மடங்குது. மூனு."

ஐந்தாவது முறை பாய் மாறி நிற்கும்போது போன் அடித்தது. பாதுகாப்பு அதிகாரி. செகிஞ்சானில் வேலை முடியவில்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்றார். முற்றத்தின் நடுவில் ஒரு பாயளவு இடத்தில் நின்றுகொண்டு, பரவாயில்லை என்றேன். அவன் எண்ணுவதை நிறுத்தியிருந்தான். இனி இது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியவேண்டியதில்லை. அது அவனுக்கும் புரிந்திருந்தது. மீதித் தூரத்தை எண்ணாமலே கடந்தேன். கதவருகே கையை நீட்டினான், பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதன்பின் அவன் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மாலை வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்தபோதும் அந்தப் பாயின் மேலேயே நிற்பது போலிருந்தது. கிழித்தால் பொய். கிழிக்காவிட்டால் அதைவிடப் பெரிய பொய். புத்தகம் காலை எட்டு மணிக்கு அலுவலகம் போயாகவேண்டும்.

மார்ச் 12, புதன். 5.40-க்கு எழுந்தேன். அடுப்பு பற்றவைக்குமுன் புத்தகத்தை எடுத்தேன். அவன் பெயருக்குக் கீழே குறிப்பு எழுதும் கட்டத்தில், "புதிய காலணியைப் போடாமல் எடுத்துவைக்கச் சொன்னது மேற்பார்வையாளர்" என்று எழுதினேன். அடுத்த வரியில் என் பெயரையும் அட்டை எண்ணையும் எழுதி, இரண்டு காலும் தகுதியில்லை என்ற கட்டத்தில் குறியிட்டு, நேரம் 9.50 என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.