கத்தி படாத முடி

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். போனது பின்னலோடு.

எங்கள் பக்கம் பையனுக்கு முதல் மொட்டை என்றால் குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான். அதுவரை முடியில் கத்தி படக்கூடாது. என் மாமாவோ தன் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயரைப் போட மறந்துவிட்டார். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. முடி மட்டும் முதுகைத் தாண்டி வளர்ந்தது.

"சிக்கு விழுந்துச்சுன்னா வழிச்சிடுவேன். உன் தம்பி வர்றதுக்குள்ள இவனுக்குக் கல்யாணமே ஆயிடும்" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அதனால் அம்மா என்னை ஈரத்தலையோடு படுக்க விடமாட்டாள். நுனியில் எண்ணெய் தொட்டு, தளர்வாகப் பின்னி, ஒரு பட்டுத் துணியால் தலையைச் சுற்றிக் கட்டுவாள். தலையணை உறை முடியைப் பிடித்து இழுக்குமாம், பட்டு வழுக்கி விடுமாம். அது மாமா சீராகக் கொடுத்த புடவையின் முந்தானை. எனக்கு வேர்க்கும். பள்ளியில் எல்லோரும் என்னை "பாப்பா" என்றார்கள். முடி ஒழிந்தால் போதும் என்றிருந்தது.

ஒரு லீவு நாளில் கரும்பு டிராக்டரில் அப்பாவோடு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போனேன். வண்டி வரிசை நகரவில்லை. காய்ந்த கரும்புச் சோகையின் மேலேயே தூங்கிவிட்டேன். எழுந்தபோது பின்னல் அவிழ்ந்து, முடி சோகைத் தூளோடு கயிறாக முறுக்கிக் கிடந்தது. அப்பா எதிரே இருந்த சலூனுக்கு இழுத்துப் போனார்.

கடைக்காரர் என்னைப் பலகைமேல் உட்கார வைத்துவிட்டுக் கேட்டார். "மொத முடியா? மாமன் எங்க?"

"மாமன் இல்லீங்க" என்றார் அப்பா.

"அய்யய்யோ, செத்துட்டாரா?"

அப்பா பதறிப்போனார். "சே சே, நல்லாத்தான் இருக்காரு. கள்ளக்குறிச்சியில."

"அப்ப நான் தொடமாட்டேங்க. இதயும் எடுத்துட்டா, அவரு இன்னா சாக்கு சொல்லிக்கினு உங்க வூட்டுக்கு வருவாரு?"

கத்திக்குப் பதில் ஒரு சீப்பை எடுத்து அப்பா கையில் கொடுத்தார்.

டிராக்டர் டயரில் சாய்ந்து உட்கார்ந்து அப்பா சிக்கெடுத்தார். "இன்னாண்ணே, சடை பின்னிக்கினு இருக்கியா? பூ வாங்கியாரட்டா?" என்று பக்கத்து வண்டிக்காரர் கத்தினார். பாதியில் அப்பா எழுந்து, சற்றுத் தள்ளிப் போய்ப் போனை எடுத்தார். "பையனுக்கு மொட்ட போடணும். வா." அவ்வளவுதான் பேசினார்.

மாமா தோடும் புதுச்சட்டையும் கொண்டு வந்தார். மலையடிவாரக் கோயிலில் அவர் மடியில் நான் உட்கார, முடி இறங்கியது. அம்மா அழுதாள். முடி போன வருத்தம் போல என்று நினைத்தேன்.

அன்று படுக்கும்போது அவள் பட்டுத் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"முடிதான் போயிடுச்சேம்மா, இனிமே அது எதுக்கு?"

வாசலில் அப்பாவும் மாமாவும் ஒரே பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "கத்தாதடா, தூங்கறாங்க" என்றாள்.

அத்தனை நாளும் அவள் காப்பாற்றியது என் முடியைத்தான் என்று நினைத்துக்கொண்டே மொட்டைத் தலையோடு தூங்கிப்போனேன்.