மார்ச் பதினாலில் ஒரு சிலுவை

புராட்டஸ்டன்ட் வீட்டில் பிறந்த ஃபெம்கே ஒரு கத்தோலிக்கனைக் கட்டிக்கொண்டாள் என்று பன்னிரண்டு வருஷம் முகம் கொடுக்காத அண்ணன் ஹார்மன், தன் எழுபதாவது பிறந்தநாளுக்கு வரச்சொல்லிக் கார்டு போட்டிருந்தான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு அண்ணனை விட்டால் ஆளில்லை. தெவன்டரில் ரயிலேறி லெய்டனில் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் கை குலுக்கினாள். "உங்கண்ணனுக்குப் பொறந்தநாள், உனக்கும் வாழ்த்தும்மா" என்று டச்சு வழக்கப்படி அவளையும் வாழ்த்தினார்கள். 'உங்கண்ணன்' என்று கேட்டதிலேயே அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அண்ணி யான்னெகா காப்பியும் ஒரு துண்டு கேக்கும் கொடுத்தாள்.

பிறகு கழிவறைக்குப் போனாள். அந்த நாட்டில் எல்லார் வீட்டையும் போல அங்கேதான் பிறந்தநாள் காலண்டர் தொங்கியது; கிழமை இல்லாமல், சொந்தபந்தங்களின் பிறந்தநாளை எழுதி வருஷா வருஷம் வைத்துக்கொள்வது. ஆசையோடு தான் பிறந்த மார்ச்சைப் புரட்டினாள். பதினாலில் அவள் பெயர் இருந்தது. பக்கத்தில், செத்தவர்களுக்குப் போடும் சின்னச் சிலுவை. அண்ணன் மட்டும் எழுதும் பச்சை மை.

வெளியே வந்து கோட்டை மாட்டினாள்.

"அதுக்குள்ளயா? ரெண்டாவது காப்பி வருதே" என்றாள் அண்ணி.

"செத்தவளுக்கு ஒண்ணு போதும் அண்ணி."

ஹார்மனுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழாமலே, "அது பழைய காலண்டர், ஃபெம்கே. நாங்க மாத்துறதே இல்ல" என்றான்.

"இனியும் மாத்த வேண்டாம்ணே" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.