வாரேன் என்று சொன்னவள்

சண்முகவள்ளிக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. முதுகுளத்தூருக்குக் கிழக்கே, பஸ் உள்ளே வராமல், மெயின் ரோட்டில் ஊருக்குப் பிரிகிற விலக்கோடு நின்றுவிடுகிற ஊர் அவளுடையது. மிளகாய்க் காட்டில் எல்லாரும் பழம் எடுத்துக்கொண்டிருக்க, இவள் பாதியில் கூடையைப் போட்டுவிட்டுக் கண்மாய்க் கரையில் நிற்பாள். "போறேன்!" என்று கத்திக்கொண்டேதான் வாசலைத் தாண்டுவாள்.

அவளுடைய அய்யா பொன்னுச்சாமிக்கு அந்த ஒரு சொல் மட்டும் ஆகாது. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் யாராக இருந்தாலும் 'வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். போனவர் திரும்ப வேண்டாமா? ஓடியவளைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவைத்து, "வாரேன்னு சொல்லு" என்று கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே விடுவார்.

இப்படிப்பட்டவளைப் பிடித்து ஆறு வருஷம் உட்கார்ந்து படி என்றால் என்ன ஆகும்? 2003-இல் மருத்துவம் படிக்க ருஷ்யாவுக்கு, வோல்காகிராடுக்குப் போய்ச் சேர்ந்தாள். பொம்பளைப் பிள்ளையை அம்புட்டுத் தூரம் அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பொன்னுச்சாமி ஒரே பிடியாக நின்று அனுப்பிவைத்தார்.

விடுதியில் நம் பையன்கள் நடத்திய மெஸ்ஸில் சோறும் பருப்பும் கிடைத்தன. அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலமானால் கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கூடவே அறைத்தோழி உம்மு ஹபீபா, கீழக்கரைக்காரி, முனகிக்கொண்டே வருவாள்.

டிராம் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கேன்டீன் இருந்தது. அங்கே கிரேச்கா என்று ஒரு தானியத்தை வேகவைத்துத் தட்டில் போடுவார்கள். உப்புப் போட மறந்த வரகுச் சோறு போலிருக்கும். பாதித் தட்டிலேயே எழுந்துவிடுவாள். அடுத்து, சந்தையில் கொரியாக்காரி நீனாவின் ஊறுகாய்க் கடை. காரட்டைத் துருவி, பூண்டும் மிளகாயும் போட்டு ஊறவைத்திருப்பாள். நம் பக்கத்துக் குண்டு வத்தலின் காரம் அதற்கு வருமா? வராதுதான். ஆனாலும் மிளகாய் மிளகாய்தானே! நின்றபடியே ஒரு டப்பாவைக் காலி செய்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வோல்கா ஆற்றங்கரையில் நடப்பாள். ஆறு உறைந்து கிடக்கும். அதில் ஓட்டை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

"கடலப் பாத்து வளந்த எனக்கே அதிசயமாத்தான் இருக்கு. ஆனா காது விறைக்குது புள்ள, வா போவோம்" என்பாள் ஹபீபா.

கடைசியில் போய் நிற்பது ருஸ்தம் அக்கா கடையில். உஸ்பெக்குகள் வயதில் மூத்த ஆணை 'அக்கா' என்பார்கள். தாடியும் தொந்தியுமாக நின்ற மனுஷரை முதல்தடவை அப்படிக் கூப்பிட்டபோது, ஹபீபாவுக்குச் சிரிப்பில் டீ மூக்கு வழியே வந்துவிட்டது. பெரிய இரும்புச் சட்டியில் ஆட்டுக்கறியும் காரட்டும் முழுப்பூண்டும் போட்ட சோறு. கைப்பிடியில்லாத கிண்ணத்தில் பச்சைத் தேயிலை டீ. ஹலால் கடை என்பதால் ஹபீபா நிம்மதியாகச் சாப்பிடுவாள். சண்முகவள்ளி வாசலை ஒட்டிய மேசையிலேதான் உட்காருவாள். அடுப்போர மூலையில் கதகதப்பான நாற்காலியை ருஸ்தம் அக்கா தினமும் காட்டுவார். தினமும் இவள் தலையாட்டி மறுப்பாள்.

"வெந்நியக் கால்ல கொட்டிக்கிட்டவ மாதிரி பறக்காதடி. டீயாச்சும் ஆறட்டும்" என்று ஹபீபா ஏசுவாள்.

இரண்டாவது வருஷக் குளிர்காலத்தில் உடற்கூறுத் தேர்வில் சண்முகவள்ளி தோற்றாள். மறுதேர்வு ஒன்று பாக்கி இருந்தது. அதிலும் போய்விட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வீட்டில் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒரு எலும்பும் மண்டையில் ஏறவில்லை. பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடுதியின் கீழ்த்தளத்து போனில் பேசினாள்.

"சாப்ட்டியா ஆத்தா?" என்றார் அய்யா.

'ம்' என்று மட்டும் சொன்னாள். வாசலில் ஹபீபா கோட்டும் குல்லாவுமாகக் கைகாட்டி அவசரப்படுத்தினாள். எப்போதும் "வச்சிர்றேன்" என்று போனை வைக்கிறவள், அன்றைக்கு வாசலைப் பார்த்தபடி, கிளம்புகிற பழக்கத்தில், "சரிய்யா, வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அம்மா ராமலெட்சுமிதான் எடுத்தாள்.

"ஏடி, இன்னும் அங்கனயேதான் இருக்கியா? வாரேன்னியாம்ல! ஒங்கய்யா அன்னைலருந்து விலக்குலயே தவங்கெடக்காரு. மதுரப் பஸ்ஸு ஒண்ணுவிடாம எந்திரிச்சுப் பாக்குறாராம். பெட்டியத் தூக்கியாரணுமில்ல? 'புள்ள கொரலு சரியில்ல, வந்துரட்டும்'னுட்டாரு."

சண்முகவள்ளி அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, போய்விட ஆசையாக இருந்தது. 'ஆமா, வாரேன்' என்று இன்னொரு தடவை சொன்னால் போதும். தோற்றதைச் சொல்லவே வேண்டாம். பாதை தானாகத் திறந்துகிடக்கிறது.

அன்று பகல் முழுக்க அலைந்தாள். கேன்டீனுக்குள் போய்த் தட்டை எடுக்காமலே திரும்பினாள். நீனாவின் கடையில் ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஆற்றங்கரையில் நடந்துகொண்டே இருந்தாள். தன்னை உட்காரவைத்தே பழகிய மனுஷர், இப்போது உட்காரமாட்டாமல் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து நிற்கிறார். அதை நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை. விறுவிறுவென்று விடுதிக்குத் திரும்பிப் போன் போட்டாள். விலக்கிலிருந்து ராத்திரி வீடு வந்திருந்த அய்யாவே எடுத்தார்.

"அய்யா, அன்னைக்கு நான் கெளம்புறதுக்குத்தான் வாரேன்னேன். ஊருக்கு வாரதாச் சொல்லல. பரீட்சையில தோத்துட்டேன்யா. இன்னொன்னு எழுதணும்."



"அதுக்கா கொரலு அப்பிடி இருந்துச்சு?"

"ஆமாய்யா."

"நெசமா வாரதுன்னா வா. ஒருத்தன் ஒரு வார்த்த கேக்காம நான் பாத்துக்கிறேன். வரலேன்னா, இனிமே வாரேன்னு சொல்லாத ஆத்தா. போறேன்னே சொல்லிரு. பஸ்ஸு நின்னு நின்னு போகையில எனக்கு நெஞ்சு தாங்கல."

வாசல் திறந்துதான் கிடந்தது. ஹபீபாவும் கோட்டோடு நின்றாள். சண்முகவள்ளியால் நகர முடியவில்லை.

"படிக்கப் போறேன்யா" என்றாள்.

மறுமுனையில் ஒரு செருமல். பொன்னுச்சாமி தன் ஆயுசில் யாரையும் 'போயிட்டு வா' என்று சொல்லாமல் அனுப்பியதில்லை.

"சரி, போ" என்றார்.

ருஸ்தம் அக்கா கடைக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். வாசல் மேசையைத் தாண்டி, அடுப்போர மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். டீ ஆறிப்போயிற்று. இன்னொரு கிண்ணம் வந்தது. அதுவும் ஆறியது, அவள் எழுந்திருக்கவில்லை.