வளர்ந்தது போதும் என்று வேண்டிக்கொண்டேன்

நான் அதிகம் படித்தவன் இல்லை. சிராங்கூன் ரோட்டில் வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவன். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். ஆனாலும் அம்மன் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிழை இருந்தால் அடியார்கள் பொறுக்க வேண்டும்.

எங்கள் ஒரே மகன் முருகையன் நோஞ்சானாகப் பிறந்தான். இவன் சீக்கிரம் வளர்ந்தால் முடி கொடுப்பதாகத் தெருக்கோடி அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். மின்சார டிராம் ஓடத் தொடங்கிய மறு வருடம், அவனுக்கு நாலு வயது. திடீரென்று வளர்ந்தான். ஆறு மாதத்தில் மூன்று முறை புதுச் சட்டை தைத்தோம். குரல் கட்டையானது. மேலுதட்டில் பூனைமயிர் கறுத்தது. உள்ளே அவன் பேசியதைக் கேட்டு, யாரோ ஆண்பிள்ளை வந்திருப்பதாக எண்ணி, அடுத்த வீட்டுக்காரி வாசலோடு திரும்பிவிட்டாள். எனக்கோ பெருமை. வேண்டுதல் பலித்ததென்று தை வெள்ளியில் கோயிலுக்குப் போனோம்.

நாவிதர் ரெங்கசாமி பாதித் தலை மழித்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, தலை மட்டுந்தானா, மீசையும் சேத்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிள்ளை திமிறினான். வயிற்றோடு அணைத்துப் பிடித்தவர் சட்டென்று கத்தியைக் கீழே வைத்தார்.

"வலது விலாவுக்குக் கீழ கல்லாட்டம் இருக்கே. சோத்து வயிறுன்னா அமுங்குமே. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

"பாதித் தலையோடயா?" என்றாள் என் மனைவி செல்லம்.

"மீதிக்கு அம்மா காத்திருப்பா. கெளம்புங்க தாயி!"

ஈரலில் கட்டி என்றார் வெள்ளைக்கார டாக்டர். அவருக்குக் கீழே காயம் கட்டும் தமிழ் டிரெஸ்ஸர் விளக்கிச் சொன்னார்.

"அந்தக் கட்டிதான் பிள்ளைய இப்படி வளத்திருக்கு. எப்படின்னு தொரைக்கே வெளங்கல. ஓரமா இருந்தா எடுத்துருவாரு. நடுவுல இருந்தா தைச்சு மூடிருவாரு, அவ்வளவுதான்."

நான் வரம் என்று பார்த்துப் பார்த்துப் பூரித்தது அந்தக் கட்டியையா? பிள்ளையை உள்ளே கொண்டுபோய் ஆபரேஷன் அறைக் கதவு மூடியதும் தரையில் உட்கார்ந்து, "தாயே, வளர்ந்தது போதும். குழந்தையாகவே திருப்பிக் கொடு" என்று அழுதேன்.

கட்டி ஈரலின் ஓரத்தில், காம்பில் தொங்கும் காய்போல் இருந்ததாம். முழுதாக எடுத்துவிட்டார்கள்.

உதட்டு மயிர் மெல்ல உதிர்ந்தது. குரல் மட்டும் இன்னும் கொஞ்சம் கட்டைதான். வயிற்றுக் கட்டி எப்படி மீசை வளர்த்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன், விளங்கவில்லை. இப்போதெல்லாம் இன்னதைக் கொடு என்று நான் அம்மனிடம் கேட்பதில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்கிறேன். நீங்களும் அப்படி அவளிடம் விட்டுப் பாருங்கள். அவள் நாவிதர் கையாலும் தொட்டுப் பார்ப்பாள்.

இரண்டு வருடம் கழித்து, போன வெள்ளிக்கிழமை, ரெங்கசாமி கையாலேயே முழுத் தலையும் மழித்து முடி கொடுத்தோம்.

மறுநாள் காலை, எல்லாக் குழந்தைகளையும்போல, முருகையனுக்கு முதல் பால்பல் விழுந்தது.